பழைய வீட்டில் புது ப்ளக் பாயிண்ட்டா? முதலில் நாடி பாருங்கள்!

"டாக்டர், வலது கை விரல்ல விறுவிறுன்னு இழுக்குது. முழங்கை வரைக்கும் ஏறுது. வாதமா இருக்குமோ?"

நாலு வருஷத்துக்கு முன்னால் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. வயசு நாற்பத்தைந்து இருக்கும். நாடி பார்த்தேன், கோளாறு இல்லை. கழுத்தை அசைக்கச் சொன்னேன், வலி இல்லை. சர்க்கரையும் இல்லை.

"எப்பம்மா இழுக்குது? காலையிலயா, ராத்திரியிலயா?"

"செவ்வாயும் வெள்ளியும்தான் டாக்டர்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழமை பார்த்து வருகிற வாதத்தை நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்திலும் கேள்விப்பட்டதில்லை, அதற்கப்புறமும் பார்த்ததில்லை.

"செவ்வாய், வெள்ளியில அப்படி என்ன வேலை செய்வீங்க?"

"இட்லிக்கு மாவு ஆட்டுவேன்."

அப்போதுதான் புரிந்தது. ஈரக் கையோடு, வெறுங்காலோடு நின்று கிரைண்டரிலிருந்து மாவை வழிக்கும்போது மட்டும் அந்த 'வாதம்' வந்திருக்கிறது. தைலமும் எழுதவில்லை, சூரணமும் எழுதவில்லை. "வீட்டுக்குப் போனதும் சுவிட்சை அணைச்சு, கிரைண்டர் ப்ளக்கைப் பிடுங்குங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. உங்களுக்கு வந்தது வாதமில்லை, கரண்ட்!" என்று சொல்லி அனுப்பினேன்.

விஷயம் இதுதான். ஐம்பது வருஷத்துக்கு மேலான வீடு. சமையலறையில் இருந்த ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்டை ஃப்ரிட்ஜ் பிடித்துக்கொண்டுவிட்டது. கிரைண்டருக்கு ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஹாலில் இருந்ததோ இரண்டு பின் பாயிண்ட். அதனால் மூன்று பின் ப்ளக்கின் மேல் காலை, அதாவது எர்த் பின்னை, யாரோ கட் பண்ணிவிட்டார்கள். மோட்டாரிலிருந்து கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல், அந்த அம்மாவின் உடம்பையே வழியாக்கிக்கொண்டது.

ஊருக்கு உபதேசம்... என் வீட்டில்?

அவரை எச்சரித்து அனுப்பிய நான், என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு 1962-ல் அப்பா கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர், மர உத்தரம் போட்ட மச்சு. அம்மாவின் அறையில் ஒரு லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். ப்ளக் பாயிண்ட் கிடையாது. கொசுவிரட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஹாலிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாசற்படி தாண்டி அறைக்குள் போகும். "ஏ ஐயா, இந்த வயரு கால்ல தட்டுது" என்று அம்மா இரண்டு மூன்று தடவை சொன்னார். "சுவரை உடைக்கணும்மா. அப்பா பாத்துப் பாத்துப் பூசின சுவரு. பொறுமையா செய்யலாம்" என்று நான் தள்ளிப்போட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் அந்த வயரில் தடுக்கி விழுந்தார். 78 வயசு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. எண்ணெயும் கட்டும் போட்டுச் சரியாகிற முறிவு இல்லை அது என்பது எனக்குத் தெரியும். உடனே எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். அந்த அறையில் பாயிண்ட் வைப்பதற்கு ஆகியிருக்கும் செலவு, ஆஸ்பத்திரி பில்லில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அதற்கப்புறம்தான் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "மூணு பாயிண்ட் கூடுதலா வேணும்" என்றேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. நேராக மெயின் போர்டுக்குப் போனார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் பிடித்தார். பல்பு எரியவே இல்லை.

"டாக்டரய்யா, உங்க வீட்டுல பச்சை வயரு இருக்கு, எர்த் இல்லை. இதுல மூணு பாயிண்ட் இல்ல, முப்பது பாயிண்ட் வச்சாலும் ஆபத்துதான் கூடும். முதல்ல வீட்டை டெஸ்ட் பண்ணுவோம். அப்புறம் பாயிண்ட்டைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

நோயாளியைப் பரிசோதிக்காமல் மருந்து எழுதக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை, அன்றைக்கு அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு நான் சொல்ல வருவதும் அந்த ஒன்றுதான்.

பாக்ஸ் ஏன் பகை?

அந்தக் காலத்தில் வயரிங் செய்தபோது வீட்டில் என்ன இருந்தது? நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. இன்றைக்கு? மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின், ஆளுக்கொரு செல்போன். போதாக்குறைக்கு வைத்தியர்கள் நாங்கள் சொல்லி வாங்கியவை: ஆவி பிடிக்கும் கருவி, ஒத்தடப் பை, நெபுலைசர். கஷாயத்துக்கு வெந்நீர் வைக்க எலக்ட்ரிக் கெட்டில் வேறு!

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாதாரண சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அதுதான் அந்த பாயிண்ட்டின் எல்லை. அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட் இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட், கெட்டில் சுமார் 1,500 வாட். ஒரே பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் எல்லையைப் போல இரண்டு மடங்கை நெருங்கிவிடும்.

வயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயர், பாய்க்கடியிலோ கட்டிலுக்கடியிலோ சுருட்டிக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை. பிளாஸ்டிக் உருகும். அப்புறம் நடப்பதைச் சொல்லவேண்டியதில்லை.

செல்போன் சார்ஜருக்கு, லேப்டாப்புக்கு, கொஞ்ச நேரத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பரவாயில்லை. ஆனால் சூடு உண்டாக்குகிற எந்தச் சாமானையும் அதில் போடாதீர்கள். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் இழுப்பது கூடவே கூடாது.

பக்கத்து பாயிண்ட்டிலிருந்து இழுத்தால் போதாதா?

"ஒரு மணி நேர வேலை ஸார். பக்கத்து ரூம் போர்டிலேர்ந்து ரெண்டு வயர் இழுத்து ஒரு பாக்ஸ் வச்சிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க இனிக்கும், சம்மதிக்காதீர்கள். அதே பழைய வயருக்குத்தான் இன்னும் பாரம் ஏறும். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஊறுகாய் கொடுக்கிற கதைதான்!

அந்த நாளில் பல வீடுகளில் போட்டது அலுமினிய வயர். அதோடு புதுச் செம்பு வயரைச் சும்மா முறுக்கிச் சேர்த்தால், அந்த ஜாயிண்ட் நாளடைவில் கெட்டு சூடாகும். ரப்பர் உறை போட்ட இன்னும் பழைய வயரோ, தொட்டாலே பொடியாக உதிரும். ரீப்பர் கட்டையில் ஓடும் வயரிங்கில் எர்த் கம்பியே இல்லாத அறைகளும் உண்டு.

வீட்டுக்கும் உண்டு எண்வகைத் தேர்வு

சித்த மருத்துவத்தில் நோயாளியை எட்டு விதமாகப் பரிசோதிப்போம்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். உங்கள் வீட்டு வயரிங்குக்கும் அதில் பாதி பொருந்தும். போர்டைத் திறக்காமல் நீங்களே பார்க்கக்கூடியவை இவை:

ஸ்பரிசம்: அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த கையால் ப்ளக்கின் பிளாஸ்டிக் பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டி சுட்டால், உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது அல்லது பாரம் அதிகம்.

நிறம்: போர்டிலோ ப்ளக் துளையைச் சுற்றியோ பழுப்பு, கறுப்பு படிந்திருக்கிறதா?

மொழி: 'கிர்ர்' என்றோ 'சடசட' என்றோ போர்டு முனகுகிறதா?

விழி: கிரைண்டர் போட்டதும் லைட் மங்கிக் கண் சிமிட்டுகிறதா? சுவிட்ச் போடும்போது பொறி தெறிக்கிறதா?

மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மீன் நாற்றம் போல, எரிந்த பிளாஸ்டிக் போல வாடை வந்தால் உடனே மெயினை அணையுங்கள். (நா பரிசோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்!)

இன்னொரு அறிகுறி, அடிக்கடி ஃபியூஸ் போவது. அது போகிறதே என்று தடித்த கட்டுக் கம்பியைச் சுற்றிவைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஃபியூஸ் உருகுவது வயர் உருகாமல் இருப்பதற்காக! தடித்த கம்பி போட்டால் அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயர்தான்.

நாடி மட்டும் நீங்கள் பார்க்கக்கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை. வயரிங்கின் காப்புத் தன்மையை மெக்கர் என்ற கருவியால் சோதிப்பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை மாற்றித்தான் ஆகவேண்டும். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அரசாங்க வயர்மேன் உரிமம் வைத்திருப்பவரா என்று கேட்டுக் கூப்பிடுவதில் தப்பில்லை. டாக்டரின் போர்டைப் பார்த்துத்தானே உள்ளே வருகிறீர்கள்!

வைத்தியம் இந்த வரிசையில்

முதலில் எர்த். கொல்லைப்புறத்தில் குழி எடுத்து, எர்த் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். கோடையில் அதற்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் வேலை மிச்சம் என்று சிலர் நியூட்ரலையே எர்த் பின்னோடு சேர்த்துவிடுவார்கள். மகா ஆபத்து! எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், உங்கள் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். குழாய்த் தண்ணீர் பைப்பில் எர்த் கட்டுவதும் அப்படியே.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. என்கிற காவல்காரன். போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம் கேளுங்கள். அந்த அளவு வெளியே கசிந்தால் அரை நொடிகூட ஆகாமல் லைனை அறுத்துவிடும். எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றுகிறது. இரண்டும் வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழவேண்டும்.

பழைய வீட்டில் இதை மாட்டினால் ஆரம்பத்தில் அடிக்கடி விழும். "சனியன், தொல்லை" என்று கழற்றிவிடாதீர்கள். காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காகத் தெர்மாமீட்டரையா உடைப்போம்? எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. எங்கே என்று தேடுங்கள்.

மூன்றாவது, புது பாயிண்ட்டுகளுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. பாயிண்ட்டுகளுக்கு 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயர் வேண்டும். ஏ.சி., கீஸர் போன்றவற்றுக்கு 4 சதுர மில்லி மீட்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன். லைட்டுக்குப் போடும் 1.5-ஐ வைத்து ஒப்பேற்றுகிறார்களா என்று பாருங்கள். வயர், ப்ளக் எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும்.

நாலாவது, கரண்ட் பில்லில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த மின்பளு எத்தனை கிலோவாட் என்று இருக்கும். ஏ.சி.யும் கீஸரும் புதிதாகச் சேர்ந்தால் அது போதாமல் போகலாம். ஈ.பி. ஆபீஸில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

பாயிண்ட் எங்கே என்பதை எலக்ட்ரீஷியன் முடிவுசெய்ய விடாதீர்கள். வீட்டில் நடமாடுபவர் நீங்கள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், எங்கெங்கே எக்ஸ்டென்ஷன் வயர் கிடக்கிறதோ அங்கெல்லாம் சுவரில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் பட்டியல்.

பெரியவர்கள் படுக்கும் அறையில், கட்டிலில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் இரண்டு பாயிண்ட் வையுங்கள். குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி விளக்குக்கு ஒன்று. நாளைக்கு ஆக்ஸிஜன் கருவியோ காற்றுப் படுக்கையோ தேவைப்பட்டால் அப்போது ஓடவேண்டியதில்லை.

சமையலறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டு, சின்னது மூன்று. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயும் பக்கத்திலேயும் வேண்டாம், அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். குளிக்கும் இடத்தில் கை எட்டுகிற தூரத்தில் ப்ளக் பாயிண்ட் கூடவே கூடாது.

குழந்தை இருக்கிற வீடுகளில், துளையை உள்ளே மூடிக்கொள்ளும் ஷட்டர் வைத்த பாயிண்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். நம்மில் சிலர், இரண்டு பின் ப்ளக் நுழையவில்லை என்று மேல் துளையில் தீக்குச்சியை விட்டு ஷட்டரைத் திறப்போம். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மறக்காதீர்கள்!

சுவர் உடைக்கும் நாளில்...

பழைய காரைச் சுவரில் காடி எடுத்தால் சுண்ணாம்புத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா, சைனஸ் உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். உடைக்கிறவர் மூக்கையும் கண்ணையும் மூடியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

சுவரைத் தொட மனசு வரவில்லையா, அல்லது சுவர் பலவீனமா? வெளியே தெரியும்படி பி.வி.சி. கேஸிங் போட்டு வயரைக் கொண்டுபோகலாம். ஆபத்தில்லை, சுவரும் பிழைக்கும். என் வீட்டில் அம்மா அறைக்கு அப்படித்தான் செய்தோம். ஆக, நான் தள்ளிப்போடச் சொன்ன காரணம்கூட காரணமே இல்லை!

காடி எடுப்பதானால் நேர் மேலாக, அல்லது நேர் குறுக்காக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குறுக்கு வழி என்று சாய்வாக எடுத்தால், பின்னால் படம் மாட்ட ஆணி அடிப்பவர் எங்கே வயர் ஓடுகிறது என்று எப்படி அறிவார்?

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டேயிருக்கும். வேலை நடக்கும்போது அதையும் அணைக்கவேண்டும்.

ஷாக் அடித்துவிட்டால்?

காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 வோல்ட்டில் உடம்பில் பாய்வது சுமார் 230 மில்லி ஆம்பியர். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக அதில் பாதிகூட வேண்டாம்; சில நொடிகள் போதும்.

பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்குங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டி மீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தீக்காயத்தில், கரண்ட் அணைந்தது நிச்சயமான பிறகு, 20 நிமிஷம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் விடுங்கள். மஞ்சள், மாவு, பற்பசை எதுவும் பூசவேண்டாம். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே பெரிதாக இருக்கலாம். ஒரு சித்த மருத்துவனாக நான் சொல்கிறேன்: இதற்கு என்னிடம் வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக...

அம்மா இன்றைக்கு வாக்கர் பிடித்து நடக்கிறார். கட்டில் பக்கத்தில் இரண்டு பாயிண்ட். பாத்ரூம் வழியில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது. தரையில் ஒரு வயர் கிடையாது. "இதை மொதல்லயே வச்சிருக்கலாமே ஐயா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கிரைண்டர் அம்மா? போன மாசம் தன் பேரனுக்குச் சளி என்று வந்திருந்தார். "டாக்டர், செவ்வாய் வெள்ளி வாதம் அன்னையோட போச்சு!" என்று சிரித்தார். சமையலறைக்குத் தனி லைன், எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாம் வைத்துவிட்டாராம். நான் என் வீட்டுக்குச் செய்வதற்கு முன்பே!

இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வாசற்படி தாண்டும் வயர் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்கள். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்... அதனால்தான் சொல்கிறேன்.